விறுவிறுப்புக்காக வளையும் விதிகள்

அமெரிக்கர்களின் தேசிய விளையாட்டெனப் போற்றப்பட்டு வரும் பேஸ்போலில் 2023 ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த விதிமாற்றங்கள், அந்நாட்டின் எல்லைக்கு அப்பாலும் கவனிக்கப்பட வேண்டியவை என்பது எமது அபிப்பிராயமாகும். கடிகாரமே இல்லாத ஆட்டம் என்று ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பெருமை பேசி வந்த விளையாட்டு, அந்த ஆண்டில் மைதானத்தின் நடுவே கடிகாரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. அதே ஆண்டு டிசெம்பரில் சர்வதேச கிரிக்கெட் பேரவையும் ஓர் ஓவருக்கும் அடுத்த ஓவருக்கும் இடையிலான 60 விநாடிகளை அளக்கும் கடிகாரத்தைப் பரீட்சார்த்தமாக அறிமுகம் செய்து, 2024 ஜூன் முதல் குறுகிய வகைப் போட்டிகளில் அதனை நிரந்தரமாக்கியது. இரு தரப்பாரும் கூறிய நியாயம் ஏறத்தாழ ஒன்றுதான். பார்ப்பவருக்கு அலுப்புத் தட்டக்கூடாது என்பதே அது.

அலுப்பைப் போக்குவது நல்ல நோக்கமே. ஆயினும் யாருடைய அலுப்பு, அதனைப் போக்குவதற்கான விலையை யார் செலுத்துகிறார்கள் என்ற வினாக்கள் எழாமல் இல்லை. இவற்றுக்கு விடைகாணப் பேஸ்போலின் அனுபவம் பெரிதும் துணை செய்கிறது.

எமது வாசகர்களிற் பலருக்குப் பேஸ்போல் அந்நியமானதாகத் தோன்றலாம். ஆனால் சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் ஊர் மைதானங்களில் ஆடப்படும் எல்லே ஆட்டத்தை அறிந்தவர்களுக்கு அது அவ்வளவு தூரத்தில் இல்லை. வரும் பந்தை ஓங்கி அடித்துவிட்டுத் தளம் தளமாக ஓடிப் புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வருவதுதான் இரண்டினதும் சாரம். எறிபவர் சரியான எல்லைக்குள் எறிந்த பந்தை மூன்று தடவை தவறவிட்டால் அடிப்பவர் வெளியேற வேண்டும். எல்லைக்கு வெளியே நான்கு பந்துகளை எறிந்தால் அடிப்பவர் இலவசமாக முதலாவது தளத்திற்குச் செல்லலாம். ஒன்பது இன்னிங்ஸ்கள், ஒவ்வோர் இன்னிங்ஸிலும் பக்கத்துக்கு மூன்று ஆட்டமிழப்புகள் என்ற அளவே உண்டு. நேர எல்லை கிடையாது.

இந்த ஆட்டம் அலுப்பூட்டுவதாக மாறியது எவ்வாறு என்பதுதான் சுவாரஸ்யமான விடயம். அதனை அலுப்பாக்கியவர்கள் மந்தமான வீரர்களல்லர், மிகவும் கெட்டிக்காரர்களே. கடந்த இரு தசாப்தங்களில் ஒவ்வொரு கழகமும் கணிதப் பட்டதாரிகளை வேலைக்கு அமர்த்தி, ஒவ்வொரு பந்தின் வேகத்தையும் சுழற்சியையும், ஒவ்வொரு துடுப்பாட்ட வீரரும் எந்தத் திசைக்கு அடிக்கிறார் என்பதையும் கணினியில் பதிந்து வைத்தது. இவர் பத்தில் எட்டுப் பந்துகளை வலப்புறமாகவே அடிப்பார் என்று கணினி கூறினால் களத்தடுப்பாளர்கள் அனைவரும் வலப்புறமாகக் குவிக்கப்பட்டனர். தரையோடு அடித்து ஓட்டம் எடுப்பது வீண் என்றாகிவிடவே, துடுப்பாட்ட வீரர்கள் மைதானத்துக்கு வெளியே தூக்கி அடிக்க முற்பட்டனர். அல்லது பந்தைத் தவறவிட்டு வெளியேறினர். அடிக்கப்பட்ட வெற்றிகரமான பந்துகளைவிட, அடிக்கத் தவறி ஆட்டமிழந்த சந்தர்ப்பங்கள் அதிகமாக இருந்த முதலாவது பருவகாலம் 2018 ஆகும். 2022 இல் ஒட்டுமொத்தத் துடுப்பாட்டச் சராசரி ஆயிரத்துக்கு 243 ஆக வீழ்ந்தது. 1968 க்குப் பின்னர் அவ்வளவு தாழ்வான சராசரி பதிவானதில்லை. பந்து பறப்பதையும் வீரர்கள் ஓடுவதையும் பார்க்க வந்தவர்கள், எறிபவர் கையுறையைச் சரிசெய்வதையும் அடிப்பவர் கால்மாற்றி நிற்பதையுமே பெரும்பாலும் பார்த்துக் கொண்டிருந்தனர். 1970 களில் ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலத்தில் முடிந்த ஆட்டம் 2021 இல் 3 மணித்தியாலம் 10 நிமிடம் வரை நீண்டது.

இதற்கு எதிராகவே 2023 இல் மூன்று மாற்றங்கள் ஒருசேரக் கொண்டுவரப்பட்டன. தளங்களில் எவரும் இல்லாவிடில் 15 விநாடிகளுக்குள்ளும், இருந்தால் 20 விநாடிகளுக்குள்ளும் பந்தை எறிந்துவிட வேண்டும்; பின்னைய அளவு 2024 இல் 18 ஆகக் குறைக்கப்பட்டது. கடிகாரம் எட்டு விநாடிகளைக் காட்டும்போது அடிப்பவர் தயாராக எறிபவரை நோக்கி நிற்க வேண்டும். எறிபவர் தாமதித்தால் அடிப்பவருக்குச் சாதகமாக ஒரு பந்து கணக்கிடப்படும். அடிப்பவர் தாமதித்தால் அவருக்கு எதிராக ஒரு தவறு பதியப்படும். இரண்டாவதாக, உட்களத்தடுப்பாளர் நால்வரில் இருவர் இரண்டாவது தளத்தின் ஒருபுறமும் மற்ற இருவர் மறுபுறமும் நிற்க வேண்டுமெனக் கட்டாயமாக்கப்பட்டது. மூன்றாவதாக, 15 அங்குலச் சதுரமாக இருந்த தளங்கள் 18 அங்குலமாகப் பெருப்பிக்கப்பட்டன.

கடிகாரம் முதன்முதலாகத் தன் முகத்தைக் காட்டியது ஒரு பயிற்சிப் போட்டியிலாகும். 2023 பெப்ரவரி 25 ஆம் திகதி புளோரிடாவில் அட்லாண்டா பிரேவ்ஸ், பொஸ்டன் ரெட் சொக்ஸ் அணிகள் மோதிய ஆட்டம் 6-6 என்ற சமநிலையில் ஒன்பதாவது இன்னிங்ஸின் இறுதிக்கு வந்தது. தளங்கள் மூன்றிலும் வீரர்கள் நிற்கின்றனர். இருவர் ஆட்டமிழந்துவிட்டனர். ஒரேயொரு பந்து எதனையும் தீர்மானிக்கலாம் என்ற நிலையில், அட்லாண்டாவின் இளம் துடுப்பாட்ட வீரர் உரிய விநாடிக்குள் தயாராகவில்லையென நடுவர் அறிவித்தார். பந்து எறியப்படாமலேயே அவர் ஆட்டமிழந்தார், ஆட்டமும் முடிந்தது. விறுவிறுப்புக்காகக் கொண்டுவரப்பட்ட விதி, மிகவும் விறுவிறுப்பான கணத்தைத் தானே விழுங்கிவிட்டதென்று அன்று பலர் நகைத்தனர்.

இதனை வாசிக்கும் இலங்கையருக்கு 2023 நவம்பர் 6 ஆம் திகதி புதுடில்லியில் நிகழ்ந்தது நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. உலகக்கிண்ணப் போட்டியில் பங்களாதேஷுக்கு எதிராகக் களமிறங்கிய அஞ்சலோ மத்யூஸ், தலைக்கவசத்தின் பட்டி அறுந்தமையால் அதனை மாற்றக் கோரிய வேளை, இரண்டு நிமிட அவகாசம் கடந்துவிட்டதென எதிரணித் தலைவர் ஷகிப் அல் ஹசன் முறையிட்டார். நடுவர்கள் மத்யூஸை வெளியேற்றினர். சர்வதேச கிரிக்கெட்டின் வரலாற்றில் நேரங்கடந்த காரணத்தால் ஆட்டமிழந்த முதலாவது வீரர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. விதிப்படி அத்தீர்ப்பில் பிழை காண முடியாது. ஆயினும் அந்த விதி எதனைத் தடுப்பதற்காக எழுதப்பட்டதோ அதற்கும், அன்று தண்டிக்கப்பட்டதற்கும் இடையே ஒரு தூரம் இருந்தது. அமெரிக்கக் கடிகாரத்தைப் பற்றிப் பேசும்போது இந்தத் தூரத்தை நாம் மனதிற் கொள்ள வேண்டும். மனிதர் கையாளும் விதியில் அபத்தமும் ஒரு பகுதியாகவே இருக்கும். அது எத்தனை தடவை நேர்கிறது என்பதே கேள்வி.

பேஸ்போலில் அது அதிகம் நேரவில்லை. பருவகாலம் செல்லச் செல்ல மீறல்கள் குறைந்தன; வீரர்கள் பழகிக்கொண்டனர். 2022 இல் சராசரியாக 3 மணித்தியாலம் 4 நிமிடம் நீடித்த ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் 2023 இல் 2 மணித்தியாலம் 40 நிமிடமாகச் சுருங்கியது. அதே ஆண்டில் மைதானங்களுக்கு வந்தோரின் தொகை ஏழு கோடியைத் தாண்டியது. பெரிய தளங்களாலும், எறிபவர் பந்தை எறியாமல் ஓட்டக்காரரைப் பயமுறுத்தும் சந்தர்ப்பங்கள் மட்டுப்படுத்தப்பட்டதாலும், எதிரணியினரை ஏமாற்றித் தளத்தைக் கைப்பற்றி ஓடிய நிகழ்வுகள் 2,486 இலிருந்து 3,503 ஆக உயர்ந்தன. ஓட்டம் என்பது மறுபடியும் ஆட்டத்தின் ஓர் அங்கமாயிற்று. ஆரம்பத்தில் முகஞ்சுழித்த பழைய ரசிகர்களிற் பெரும்பான்மையினரும் இப்போது கடிகாரத்தை எதிர்ப்பதில்லை.

ஏன் அது வெற்றி பெற்றது? எமது பார்வையில், கடிகாரம் ஆட்டத்தைத் தொடவில்லை. ஆட்டம் நிகழாத நேரத்தை மட்டுமே வெட்டியது. எறிபவருக்கும் அடிப்பவருக்கும் இடையிலான பலப்பரீட்சையின் தராசில் எந்தத் தட்டிலும் கல் வைக்கப்படவில்லை. ஒன்பது இன்னிங்ஸ்களும் இருக்கின்றன, மூன்று ஆட்டமிழப்புகளும் இருக்கின்றன. இடையில் இருந்த கொட்டாவி மாத்திரமே போய்விட்டது.

களத்தடுப்பு வியூகத்திற்கு விதிக்கப்பட்ட தடையை நாம் அவ்வாறு நோக்கவில்லை. எதிராளி எங்கே அடிப்பான் என்பதைக் கணித்து அங்கே ஆளை நிறுத்துவது அறிவு. அதனைத் தடை செய்வது, சதுரங்கத்தில் குறிப்பிட்ட நகர்த்தலை யோசித்துக் கண்டுபிடித்தவனைப் பார்த்து நீ அதிகம் யோசித்துவிட்டாய் என்று கூறுவதற்கு ஒப்பானது. அதனாற் கிட்டிய பயனும் சொற்பமே. 2023 இல் 248 ஆக உயர்ந்த துடுப்பாட்டச் சராசரி 2024 இல் மீண்டும் 243 க்கே வந்து நின்றது. நோய் வேறிடத்தில் இருந்தது. பந்துவீச்சின் வேகம் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போக, களத்தடுப்பாளரை அங்கும் இங்கும் நகர்த்துவதால் அடிப்பவருக்கு என்ன விமோசனம்?

இன்னொரு மாற்றம் இதைவிடவும் மோசமானது. சமநிலையில் முடியும் ஆட்டம் மேலதிக இன்னிங்ஸுக்குச் செல்லும்போது, இரண்டாவது தளத்தில் ஒரு வீரரைச் சும்மா கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஆட்டத்தைத் தொடங்கும் முறை 2020 இல் கொரோனா தொற்றைக் காரணங்காட்டி வந்தது. 2023 இல் நிரந்தரமாயிற்று. இறுதிச்சுற்று ஆட்டங்களுக்கு மட்டும் அது பொருந்தாது. முக்கியமான ஆட்டத்துக்கு ஒவ்வாதது எனத் தாமே கருதும் விதியைச் சாதாரண ஆட்டத்துக்கு வைத்திருப்பதன் மூலம், அதனை இயற்றியவர்களே அதனைப் பற்றிய தம் மதிப்பீட்டையும் வெளிப்படுத்திவிட்டனர். 1981 இல் றோட் ஐலண்ட் மாநிலத்தின் போட்டக்கெட் என்ற சிறு நகரில் இரு சிறிய அணிகள் 33 இன்னிங்ஸ்கள் ஆடியதைப் பேஸ்போல் உலகம் இன்றும் கதைக்கிறது. இனி அத்தகைய கதை ஒன்று பிறக்கப் போவதில்லை.

விதிமாற்றம் பேஸ்போலுக்குப் புதியதன்று என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். 1968 இல் செயின்ற் லூயிஸ் அணியின் பொப் கிப்சன் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.12 ஓட்டங்களை மாத்திரமே விட்டுக்கொடுத்தார். பந்தெறிபவர்களின் ஆதிக்கத்தைக் கண்டு அஞ்சிய நிர்வாகம், அவர்கள் நின்று எறியும் மேட்டினை 1969 இல் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகத் தாழ்த்தியது. ஒருவர் தம் கலையின் உச்சத்தைத் தொட்டதற்கு வெகுமதியாக அவர் நிற்கும் மண்ணை வெட்டியெடுத்தார்கள்! 1973 இல் அமெரிக்கன் லீக், பந்தெறிபவருக்குப் பதிலாகத் துடுப்பெடுத்தாட மட்டும் ஒருவரை அனுமதித்தது; நேஷனல் லீக் மறுத்தது. ஒரே விளையாட்டை ஒரே நாட்டில் இரண்டு விதிகளின் கீழ் ஆடிய விசித்திரம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்து 2022 இலேயே முடிவுக்கு வந்தது.

இவற்றுள் எமக்கு மிகவும் பிடித்தமானது 1920 ஆம் ஆண்டின் மாற்றம். எச்சில் தடவிப் பந்தைத் தடுமாற வைக்கும் எறிமுறை அவ்வாண்டு தடை செய்யப்பட்டது. ஆனால் அந்த வித்தையையே பிழைப்பாகக் கொண்டிருந்த 17 பேருக்கு ஓய்வு பெறும் வரை அவ்வாறு எறிய அனுமதி வழங்கப்பட்டது. அவர்களுள் கடைசியானவரான பேர்லீ கிறைம்ஸ் 1934 வரை எச்சில் தடவியே எறிந்தார். ஒரு மனிதன் வாழ்நாளெல்லாம் கற்ற தொழிலை ஓர் இரவில் குற்றமாக்கக்கூடாது என்ற உணர்வு அன்றைய நிர்வாகிகளிடம் இருந்திருக்கிறது. இன்று விதிகளை எழுதுவோரிடம் அந்த உணர்வு எந்தளவுக்கு உண்டு என்பது சந்தேகத்துக்குரியதே.

2022 இல் வீரர் சங்கத்துக்கும் உரிமையாளருக்கும் இடையே கைச்சாத்தான கூட்டு உடன்படிக்கையின்படி, விதிகளை மாற்றும் அதிகாரம் 11 பேர் கொண்ட ஒரு குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. கழக உரிமையாளர் தரப்பிற்கு ஆறு ஆசனங்கள், வீரர்களுக்கு நான்கு, நடுவர்களுக்கு ஒன்று. கடிகாரத்தையும் வியூகத் தடையையும் வீரர் தரப்பு நால்வரும் எதிர்த்து வாக்களித்தனர். அவை நிறைவேறின. பெரிய தளங்களை அவர்கள் ஆதரித்தனர், அதுவும் நிறைவேறியது. அவர்கள் எதிர்த்தாலும் ஆதரித்தாலும் விளைவு ஒன்றாகவே இருந்திருக்கும் என்பதற்கு இதனிலும் சான்று தேவையில்லை. ஆறு என்ற எண் பதினொன்றில் பெரும்பான்மை என்ற கணக்கைச் சிறுபான்மையினராக வாழ்ந்து பழகிய எவருக்கும் நாம் விளக்கிக் கூற வேண்டியதில்லை.

ஆயினும் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாற்றங்கள் எழுந்தமானமாகச் செய்யப்படவில்லை. கடிகாரம் சிறிய லீக்குகளில் பல ஆண்டுகள் பரீட்சிக்கப்பட்டது. எறிபவர் நிற்குமிடத்தை ஓர் அடி பின்னே தள்ளும் யோசனை 2021 இல் அட்லாண்டிக் லீக்கில் பரீட்சிக்கப்பட்டு, பயன் தராதெனக் கண்டு கைவிடப்பட்டது. பரிசோதனைக்கூட எலிகளாக இருந்தவர்கள் சொற்ப ஊதியம் பெறும் சிறிய லீக் வீரர்கள் என்பது வேறு விடயம். பந்து எல்லைக்குள் வந்ததா என்பதைக் கமெராக்கள் மூலம் சரிபார்க்க அணிக்கு இரு முறையீடுகளை வழங்கும் ஏற்பாடும் இவ்வாறே கீழ்மட்டத்தில் பழக்கப்பட்டு, 2026 பருவகாலத்துக்கென அங்கீகரிக்கப்பட்டது.

எறிபவர்களின் முழங்கை பற்றிய சர்ச்சை மட்டும் இன்னும் அடங்கவில்லை. ஓய்வெடுக்கும் விநாடிகளைக் குறைத்தமையால் காயங்கள் பெருகுவதாக 2024 ஏப்ரலில் வீரர் சங்கம் குற்றஞ்சாட்டியது. நிர்வாகம் மறுத்தது. அவ்வாண்டு டிசெம்பரில் நிர்வாகம் வெளியிட்ட ஆய்வறிக்கை, ஒவ்வொரு பந்தையும் உச்ச வேகத்தில் எறியும் இன்றைய போக்கினையே பிரதான காரணமாகச் சுட்டியது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் விதியை விதித்தவரே அந்த விதியின் விளைவையும் ஆராய்ந்து தீர்ப்புக் கூறும்போது, முழங்கையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் அதனை முழுமனதோடு ஏற்பார் என எதிர்பார்க்க முடியாது.

இனி கிரிக்கெட்டுக்கு வருவோம். விறுவிறுப்புக்காக விதியை மாற்றும் விடயத்தில் கிரிக்கெட் பேஸ்போலை எப்போதோ முந்திவிட்டது. 1975 இல் முதலாவது உலகக்கிண்ணப் போட்டியில் இங்கிலாந்து பெற்ற 334 ஓட்டங்களுக்குப் பதிலாகச் சுனில் கவாஸ்கர் 174 பந்துகளைச் சந்தித்து ஆட்டமிழக்காமல் 36 ஓட்டங்களைப் பெற்றார். 1979 இல் சிட்னியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசிப் பந்துக்கு, இங்கிலாந்து அணித்தலைவர் மைக் பிரேளி விக்கெட் காப்பாளர் உட்பட அனைவரையும் எல்லைக்கோட்டுக்கு அனுப்பினார். அன்று அது விதிக்கு மாறானதன்று. இவற்றைக் கண்ட பின்னர் களத்தடுப்பு வட்டம் வந்ததைத் தவறென்று கூற முடியாது. பேஸ்போலின் வியூகத் தடையைக் குறைகூறிய நாம் கிரிக்கெட்டின் வட்டத்தை ஏற்கலாமா என்று வாசகர் கேட்கக்கூடும். எமது பதில், அந்த வட்டத்தால் நன்மையடைந்த நாட்டில் இருந்துகொண்டு இது விடயத்தில் நடுநிலையாக இருப்பது சிரமம் என்பதே.

ஏனெனில் 1996 இல் நாம் உலகக்கிண்ணத்தை வென்றது அந்த வட்டத்தைப் பிறரைவிட நன்கு வாசித்தமையாலாகும். முதல் 15 ஓவர்களுக்கு இருவர் மட்டுமே வட்டத்துக்கு வெளியே நிற்கலாம் என்ற விதியை 1992 இலேயே நியூஸிலாந்தின் மார்க் கிறேட்பட்ச் பயன்படுத்திக் காட்டியிருந்தார். சனத் ஜயசூரியவும் ரொமேஷ் களுவித்தாரணவும் அதனை ஒரு கோட்பாடாகவே மாற்றினர். புதுடில்லியில் இந்தியாவுக்கு எதிராக முதல் மூன்று ஓவர்களில் 42 ஓட்டங்கள் குவிக்கப்பட்டன. வேகப்பந்து வீச்சாளரான மனோஜ் பிரபாகர் வேகத்தைக் கைவிட்டுச் சுழல் பந்து வீசும் நிலைக்குத் தள்ளப்பட்டார். விதிகளை எழுதும் மேசையில் அப்போது இலங்கையின் குரலுக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை. யாரோ யாருக்காகவோ எழுதிய விதி, கொழும்பிலிருந்தும் மாத்தறையிலிருந்தும் வந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

அதன் பின்னர் வந்தவை அத்தனை பேறு பெற்றவையல்ல. 2005 இல் கொண்டுவரப்பட்ட மேலதிக மாற்று வீரர் முறை, நாணயச் சுழற்சிக்கு முன்னரே மாற்று வீரரைப் பெயரிட வேண்டியிருந்தமையால் நாணயத்தில் வென்றவருக்கே இரட்டை இலாபத்தை வழங்கியது. ஒரு வருடம் நிறைவதற்குள் கைவிடப்பட்டது. 2019 உலகக்கிண்ண இறுதிப் போட்டியும் அதனைத் தொடர்ந்த மேலதிக ஓவரும் சமநிலையில் முடிய, 26 எல்லை அடிகளைப் பெற்ற இங்கிலாந்து, 17 பெற்ற நியூஸிலாந்தை வென்றதாக அறிவிக்கப்பட்டது. எல்லைக்கு அடிப்பது ஓடி எடுப்பதைவிட மேலானது என்ற விளம்பரதாரரின் இரசனை உலகக்கிண்ணத்தையே தீர்மானித்தது. மூன்று மாதங்களில் அந்த விதி நீக்கப்பட்டது; கிண்ணம் திரும்பவில்லை.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான காயத்தை ஏற்படுத்தியது 2011 ஒக்டோபரில் வந்த விதி. ஒருநாள் போட்டியில் இரு முனைகளிலிருந்தும் இரு புதிய பந்துகள் பாவிக்கப்பட்டமையால், எந்தப் பந்தும் 25 ஓவர்களுக்கு மேல் பழையதாகவில்லை. பழைய பந்தைத் தலைகீழாக வளைக்கும் வித்தை மங்கிப்போனது. தேய்ந்த பந்தைப் பிடித்துச் சுழற்றும் விரல்களுக்கும் வேலை குறைந்தது. அடுத்த ஆண்டில் வட்டத்துக்கு வெளியே நிற்கக்கூடிய களத்தடுப்பாளரின் தொகையும் ஐந்திலிருந்து நான்காகக் குறைக்கப்பட்டது. 2014 நவம்பரில் கொல்கத்தாவில் ரோஹித் சர்மா இலங்கைக்கு எதிராகத் தனியொருவராக 264 ஓட்டங்களைப் பெற்றார். இங்கிலாந்து 2018 இல் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 481 ஓட்டங்களையும், 2022 இல் நெதர்லாந்துக்கு எதிராக 498 ஓட்டங்களையும் குவித்தது. துடுப்பாட்டத்தின் பேரரசரான சச்சின் டெண்டுல்கரே 2018 இல் இவ்விதியைக் கண்டித்தார் என்றால் நிலைமையை ஊகித்துக் கொள்ளலாம்.

ஓட்டங்கள் பெருகினால் விறுவிறுப்புப் பெருகும் என்ற நம்பிக்கைதான் இதன் வேர். அது எவ்வளவு பொய்யானது என்பதை 2024 ஜூன் 9 ஆம் திகதி நியூயோர்க்கில், பேஸ்போலின் சொந்த நகரிலேயே கண்டோம். தடுமாறும் ஆடுகளத்தில் இந்தியா 119 ஓட்டங்களுக்குச் சுருண்டது. பாகிஸ்தான் 113 இல் நின்றது. ஆறு ஓட்டங்களால் முடிவான அந்த ஆட்டத்தைப் பார்த்தவர் எவரும் கொட்டாவி விட்டிருக்கமாட்டார். அதே ஆடுகளத்தில் சில நாட்களுக்கு முன்னர் தென்னாபிரிக்காவிடம் இலங்கை 77 ஓட்டங்களுக்குச் சுருண்டதை நாம் அவ்வளவாக இரசிக்கவில்லை என்பது உண்மையே. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான வடக்கின் பெருஞ்சமருக்கு மூன்று நாட்களும் கூடும் சனம், வட்டத்தையும் வண்ண உடையையும் பார்க்கவா வருகிறது? தம்மவர் ஆடுகிறார்கள் என்ற பற்றினால் வரும் விறுவிறுப்பை எந்தப் பேரவையும் விதியாக எழுத முடியாது.

எல்லா விதிமாற்றங்களும் வணிகத்துக்காகவே நிகழ்கின்றன என்று நாம் சொல்லவரவில்லை. 1995 டிசெம்பரில் மெல்பேர்ண் மைதானத்தில் முத்தையா முரளிதரனின் பந்துகள் எறியப்படுவதாகக் கூறித் தடுக்கப்பட்ட பின்னர் பத்தாண்டுகள் நீடித்த அவமானத்துக்கு முடிவு கட்டியது, 2005 இல் வந்த 15 பாகை விதியாகும். அதற்கு முன்னர் வேகப்பந்து வீச்சாளருக்கு 10 பாகையும் சுழல்பந்து வீச்சாளருக்கு 5 பாகையும் அனுமதிக்கப்பட்டிருந்தன. ஒரு தனிமனிதருக்காக விதி வளைக்கப்பட்டது என்று இன்றும் சிலர் புலம்புவதுண்டு. உண்மை வேறு. தூய்மையான பந்துவீச்சாளர்கள் எனப் போற்றப்பட்ட ஏனையோரின் கைகளும் வீசும்போது நிமிர்கின்றன என்பதை அதிவேகக் கமெராக்கள் காட்டியதன் பின்னரே, எல்லோருக்கும் ஒரே அளவு வகுக்கப்பட்டது. ஆய்வு முதலில், விதி பின்னர். கண்டியிலிருந்து வந்த ஒரு தமிழருக்கு நீதி கிடைத்தது அந்த ஒழுங்கினாற்றான்.

இன்று அந்த ஒழுங்கு எங்கே? 2023 இல் இந்தியப் பிரீமியர் லீக், போட்டியின் நடுவே ஒரு வீரரை மாற்றும் விதியைக் கொண்டுவந்தது. ஒவ்வோர் அணிக்கும் மேலதிகமாக ஒரு துடுப்பாட்ட வீரர் கிடைத்தார். 2024 ஏப்ரலில் ஐதராபாத் அணி 287 ஓட்டங்களைப் பெற்றது. அதே மாதத்தில் பஞ்சாப் அணி 262 என்ற இலக்கை எட்டிப் பிடித்தது. பந்தும் வீசத்தெரிந்த துடுப்பாட்ட வீரருக்குப் பந்துவீச வாய்ப்பே கிட்டுவதில்லையென ரோஹித் சர்மா பகிரங்கமாக ஆட்சேபித்தார். ஓர் அணித்தலைவரின் சொல் அங்கே எடுபடவில்லை. 2023 முதல் 2027 வரையான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி இந்திய ரூபாவுக்கு விற்கப்பட்ட சுற்றுப்போட்டியில், சிக்ஸர்களைக் குறைக்கும் யோசனைக்கு யார் செவிசாய்ப்பார்? சர்வதேச கிரிக்கெட் பேரவையின் 2024 முதல் 2027 வரையான வருமானப் பங்கீட்டிலும் இந்தியாவுக்கு 38.5 சதவீதம் ஒதுக்கப்பட்டது; இலங்கைக்குக் கிடைப்பது ஐந்து சதவீதத்திலும் குறைவு. அமெரிக்காவின் பதினொருவர் குழுவில் வீரர்களுக்கு நான்கு ஆசனங்களாவது உண்டு.

இரு புதிய பந்துகள் விதி 2025 ஜூலையில்தான் திருத்தப்பட்டது. 34 ஓவர்கள் வரை மட்டுமே இரு பந்துகள். எஞ்சிய ஓவர்களுக்குக் களத்தடுப்பு அணி தெரிவு செய்யும் ஒரே பந்து. ஜூலை 2 ஆம் திகதி கொழும்பில் இலங்கைக்கும் பங்களாதேஷுக்கும் இடையிலான போட்டியுடன் அது நடைமுறைக்கு வந்தது. பிழையென்று பலரும் சுட்டிக்காட்டிய ஒன்றை அரைவாசி திருத்துவதற்குப் பதினான்கு வருடங்கள் எடுத்துள்ளன. ஒரு பந்துவீச்சாளரின் முழு ஆட்டவாழ்வும் அதற்குள் அடங்கிவிடும். பிரீமியர் லீக்கின் மாற்று வீரர் விதி 2027 வரை தொடருமென அறிவிக்கப்பட்டுள்ளது. இலங்கையிலிருந்து அங்கு செல்லும் பந்துவீச்சாளர்களும் அதுவரை அந்த மேலதிகத் துடுப்புக்கு எதிராகவே தமது நான்கு ஓவர்களை வீசியாக வேண்டும்.